பழைய வேகமும் புதிய ரப்பரும்

பழைய வேகக் கார்களைப் புதுப்பிப்பவர்களிடையே இரண்டு கட்சிகள் உண்டு. தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த அன்று வண்டியில் இருந்த ஒரு திருகாணிகூட மாறக்கூடாது என்பது ஒரு கட்சி. வண்டி என்பது வெறும் ஓடு, அதற்குள் இன்றைய சந்தையில் கிடைக்கிற வலிமை முழுவதையும் அடைத்துவிட வேண்டும் என்பது மற்றொரு கட்சி. இவ்விரு கட்சியினரும் ஒருவரை ஒருவர் ஏளனம் செய்துகொள்வதைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறோம். இருவருமே வண்டிக்கு வயதாகிவிட்டது என்கிற எளிய உண்மையைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை என்பதுதான் எங்கள் முறையீடு. அசல் கட்சிக்கு வயது என்பது விலையைக் கூட்டும் ஓர் எண். வலிமைக் கட்சிக்கோ அது ஓர் இடைஞ்சல். நாற்பது ஆண்டு ஆன ரப்பரும் ஈயப் பற்றும் பிளாஸ்டிக் பற்சக்கரங்களும் இவர்கள் இருவரையும் கேட்டுக்கொண்டு இற்றுப்போவதில்லை.

இலக்கியம் பேசும் இடத்தில் இயந்திரத்துக்கு என்ன வேலை என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். பாடபேதங்களைப் பற்றி இரவு முழுதும் சண்டையிடக்கூடியவர்கள் நமக்குள்ளேயே இருக்கிறார்கள். ஏடு பெயர்த்தெழுதியவரின் கைப்பிழையைத் திருத்தலாம்; மூல ஆசிரியரின் சொல்லைத் திருத்தலாகாது; இரண்டில் எது எது என்று கண்டுபிடிப்பதில்தான் பதிப்பாசிரியரின் உழைப்பெல்லாம் இருக்கிறது. நாங்கள் பேசப்போவதும் ஏறத்தாழ அந்தச் சிக்கலைத்தான். ஏட்டுக்குப் பதிலாக இங்கே எண்ணெய்க் கறை படிந்த அலுமினியம் இருக்கிறது, அவ்வளவே.

நாங்கள் மூவர். ஸ்டுட்கார்ட்டுக்கு வடக்கே வாடகைக்கு எடுத்த ஒரு கொட்டகையில், 1986-ஆம் ஆண்டின் போர்ஷே 944 டர்போ ஒன்றைக் கூட்டாக வைத்திருக்கிறோம். ஜெர்மனியில் 1997 முதல் பருவகால எண்பலகை என்றொரு வசதி உண்டு. வண்டி எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை சாலையில் இறங்கலாம் என்பது பலகையின் வலது ஓரத்தில் ஒன்றின்கீழ் ஒன்றாக இரண்டு எண்களாக அச்சிடப்பட்டிருக்கும். எங்களுடையது ஏப்ரல் முதல் அக்டோபர் வரை. நவம்பரில் சாலைகளில் உப்புத் தூவத் தொடங்குவார்கள். அதற்கு முன்பே வண்டி கொட்டகைக்குள் போய்விடும். அப்புறம் ஐந்து மாதங்கள். வரி இல்லை, பயணம் இல்லை, இரும்பும் இரும்புக்காகக் குளிர்ந்துபோன விரல்களும் மட்டுமே.

இந்த வண்டியின் பிறப்பைச் சொல்லாமல் இதைப் பற்றிய எந்த வழக்கையும் நடத்த முடியாது. 944-இன் முன்னோடியான 924, வோக்ஸ்வேகனுக்காக வடிவமைக்கத் தொடங்கப்பட்ட கார். வோக்ஸ்வேகன் பின்வாங்கிவிட, போர்ஷே அந்த வடிவமைப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு 1976-இல் தன் பெயரில் விற்றது. எஞ்சின் ஆவ்டியிலிருந்து வந்தது. அதே எஞ்சின் ஒரு சரக்கு வேனிலும் ஓடியதால், அந்த ஏளனம் வண்டியை விட்டு நெடுங்காலம் நீங்கவில்லை. 1982 மாதிரியாக 944 வந்தபோது எஞ்சின் போர்ஷேயின் சொந்தத் தயாரிப்பாயிற்று. 928-இன் எட்டு சிலிண்டர் எஞ்சினில் ஏறத்தாழ ஒரு பாதி. நான்கு சிலிண்டர்கள், 2,479 கன செண்டிமீட்டர். ஒவ்வொரு சிலிண்டரும் அறுநூறு கன செண்டிமீட்டருக்கு மேல். அத்தனை பெரிய நான்கு பிஸ்டன்கள் மேலும் கீழும் போனால் வண்டி நடுங்கும். அந்த நடுக்கத்தைக் கொல்ல, எஞ்சின் ஒருமுறை சுழல்வதற்குள் இருமுறை சுழலும் இரண்டு சமநிலைத் தண்டுகளைப் பொருத்தினார்கள். அந்த ஏற்பாட்டின் காப்புரிமை மிட்சுபிஷியிடம் இருந்தது. ஸ்டுட்கார்ட் பொறியாளர்கள் பணம் கொடுத்து உரிமம் பெற்றுக்கொண்டார்கள். பெருமையை விட்டுக்கொடுத்து நல்ல தீர்வை வாங்கிய இந்தச் செயல் எங்களுக்கு மிகவும் பிடித்தமானது. வண்டிகள் கூட்டப்பட்டதும் போர்ஷேயின் சொந்தத் தொழிற்சாலையில் அன்று. நெக்கார்ஸுல்மில் இருந்த ஆவ்டி ஆலையில். ஆகவே, தூய்மையைப் பற்றி யார் வேண்டுமானாலும் பேசலாம். 944 வைத்திருப்பவர் பேசுவது அத்தனை பொருத்தமாக இராது.

டர்போ வகை 1985-இல் அறிமுகமாயிற்று. 220 குதிரைத்திறன், மணிக்கு 245 கிலோமீட்டர் உச்ச வேகம். புகையைத் தூய்மை செய்யும் வினையூக்கி மாற்றி பொருத்தப்பட்டாலும் பொருத்தப்படாவிட்டாலும் அதே 220 என்பது அந்நாளில் பெரிய சாதனை. புகைவாயுவின் வெப்பம் டர்போவைச் சேரும் முன்னர் வீணாகாதிருக்க, சிலிண்டர் தலையின் வெளிவழிகளில் பீங்கான் உறை வைத்தார்கள். எஞ்சினை அணைத்த பின்னும் டர்போவைக் குளிர்விக்க ஒரு சிறிய மின்பம்பு தானாக ஓடிக்கொண்டிருக்கும். வண்டியைப் பூட்டிவிட்டு நடக்கும்போது பின்னால் கேட்கும் அந்த முனகலை நாங்கள் மூவரும் ஆளுக்கொரு விதமாக வர்ணிப்போம்.

இனி வழக்கிற்கு வருவோம்.

எங்களுக்கு முன் இந்த வண்டியை வைத்திருந்தவர் அசல் கட்சியைச் சேர்ந்தவர். எஞ்சின் அறையில் இருந்த ரப்பர் குழாய்களில் பல, தொழிற்சாலை முத்திரையுடன் அப்படியே இருந்தன. அதை ஒரு சிறப்பாகவே சொல்லி விற்றார். அந்தக் குழாய்களில் ஒன்றை விரலால் அழுத்தினால் பழைய அப்பளம் போலச் சத்தம் கேட்டது. இதற்குத்தானா அசல் என்று பெயர்? 1986-இல் அந்தக் குழாயை வடிவமைத்தவர் வளையக்கூடிய, அழுத்தம் தாங்கக்கூடிய, பெட்ரோல் கசியாத ஒரு பொருளை வைத்தார். இன்று அந்த இடத்தில் இருப்பது அவர் வைத்த பொருளின் சடலம். முத்திரை மட்டுமே மிஞ்சியிருக்கிறது. பெட்ரோல் செல்லும் குழாய், கொதிக்கும் டர்போவிற்கும் புகைவழிக்கும் அருகில் ஓடுகிறது; அது வெடித்தால் பெட்ரோல் எங்கே தெறிக்கும் என்று விளக்கத் தேவையில்லை. போதாக்குறைக்கு, 2011 முதல் இங்கே பத்து விழுக்காடு வரை எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனையில் இருக்கிறது. அதை எண்ணிப் பார்த்திராத காலத்து ரப்பர் இது. பழைய முத்திரையைக் காப்பதற்காக ஒரு காரைத் தீக்கு இரையாக்கத் துணிபவரைக் காப்பாளர் என்று நாங்கள் அழைக்க மாட்டோம். அந்தக் குழாய்கள் ஏடு பெயர்த்தவரின் கைப்பிழை. திருத்தியே ஆக வேண்டும்.

பெல்ட்டின் கதை இன்னும் கடுமையானது. 944-இன் வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட்டை ஒரு பல் பதித்த ரப்பர் பெல்ட் இயக்குகிறது. தண்ணீர்ப் பம்பும் அதே பெல்ட்டில் ஓடுகிறது. சமநிலைத் தண்டுகளுக்கு வேறொரு பெல்ட். முதல் பெல்ட் அறுந்தாலோ, ஒரு சில பற்கள் தாண்டினாலோ, மேலே வரும் பிஸ்டன் திறந்திருக்கும் வால்வின் மீது மோதும். ஒரு நொடி. அதன்பிறகு வளைந்த வால்வுகளும், அவற்றைவிடப் பெரிய பட்டியலும். சமநிலைத் தண்டின் பெல்ட் அறுந்தால் நடுக்கம் மட்டுந்தானே என்று நினைப்பவர்கள் உண்டு. அறுந்த துண்டு பக்கத்துப் பெல்ட்டுக்குள் புகுந்துவிட்டால் அதே முடிவுதான். நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை, வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும், இவற்றை மாற்றுவது 944 வைத்திருப்போரின் வழக்கம். ஓடாத வண்டியின் பெல்ட் கெடாது என்பது தவறான ஆறுதல். ஒரே வளைவில் மாதக்கணக்கில் நின்றுகொண்டிருப்பதும் ரப்பருக்கு ஒரு வேலைதான்.

இதில் மிக நுணுக்கமான பகுதி பெல்ட்டை எவ்வளவு இறுக்குவது என்பது. தளர்ந்தால் பல் தாண்டும். அதிகம் இறுகினால் தண்ணீர்ப் பம்பின் தாங்கி தேயும். போர்ஷே இதற்கென்றே 9201 என்ற எண்ணுடைய ஓர் அளவுக் கருவியைப் பட்டறைகளுக்குக் கொடுத்திருந்தது. எஞ்சின் சூடாக இருக்கும்போது அளந்தால் கணக்குத் தப்பும். எனவே ஜனவரி மாதத்துக் கொட்டகையில் நாங்கள் எஞ்சினுக்கு வெப்பமூட்டி வைத்து, அறை வெப்பநிலைக்கு வந்ததா என்று தொட்டுப் பார்த்துக் காத்திருக்கிறோம். எங்களுக்கு வெப்பமூட்டி இல்லை. இந்த ஏற்றத்தாழ்வை எங்களில் ஒருவர் ஒவ்வொரு ஆண்டும் சுட்டிக்காட்டத் தவறுவதில்லை.

பெல்ட்டை எடுத்த கையோடு அதன் பின்னால் இருக்கும் எண்ணெய் அடைப்பு வளையங்களையும், உருளைகளையும், தண்ணீர்ப் பம்பையும் மாற்றிவிடுவது அறிவுடைமை. அங்கே சென்று சேர்வதற்கே ஒரு நாள் ஆகிறது. மறுபடியும் அதே வழியில் போக யாருக்கும் விருப்பம் இராது. ஆனால் இந்த அறிவுடைமைக்கு ஓர் எல்லை வேண்டும். எலி கோவணத்தைக் கடித்ததென்று பூனை வளர்த்து, பூனைக்குப் பாலுக்காக மாடு வாங்கி, மாட்டைப் பார்த்துக்கொள்ளப் பெண்ணை மணந்து சம்சாரியான சாமியாரின் கதை நம் எல்லோருக்கும் தெரியும். கொட்டகைகளில் அந்தக் கதை ஒவ்வொரு குளிர்காலமும் நடந்தேறுகிறது. பம்பை மாற்றப் போனவர், எஞ்சின் அறை அழுக்காக இருக்கிறதே என்று எஞ்சினை வெளியே எடுப்பார், எஞ்சின் வெளியே வந்துவிட்டதே என்று அறைக்கு வண்ணம் பூச நினைப்பார், கடுங்குளிரில் வண்ணம் ஒழுங்காக உலராது, வசந்தம் வரும், வேலை மாறும், குழந்தை பிறக்கும், வீடு மாறும். இறுதியில் "முக்கால்வாசி முடிந்தது, பாகங்கள் எல்லாம் பெட்டிகளில் உள்ளன" என்றொரு விற்பனை விளம்பரம். பழைய கார்கள் துருவினால் அழிந்ததைப் போலவே இந்த முக்கால்வாசியினாலும் அழிந்திருக்கின்றன என்பது எங்கள் கணிப்பு. 944-இன் உடற்கூடு துத்தநாகம் பூசப்பட்டது; துரு அதைத் தின்ன நெடுநாள் ஆகும். உரிமையாளரின் உற்சாகத்துக்கு அத்தகைய பூச்சு எதுவும் இல்லை.

ஆகவே எங்கள் கொட்டகையில் ஒரு விதி வைத்திருக்கிறோம். மார்ச் இறுதியில் வண்டி தன் சக்கரங்களில் நின்று தானே வெளியே வர வேண்டும். அதற்கு ஒவ்வாத வேலை அடுத்த குளிர்காலத்துக்குப் போகும். ஒரு குளிர்காலத்துக்கு ஒரு பெரிய வேலை, மற்றவை சில்லறை. கடந்த பருவத்தின் பெரிய வேலை கிளட்ச். இந்தக் காரில் எஞ்சின் முன்னாலும் கியர் பெட்டி பின்னாலும் இருக்கின்றன; இரண்டையும் நீண்ட குழலொன்றுக்குள் ஓடும் தண்டு இணைக்கிறது. எடை முன்னும் பின்னும் ஏறத்தாழச் சமமாகப் பங்கிடப்பட்டிருப்பதற்கும், வளைவுகளில் இந்த வண்டி அத்தனை நிதானமாக இருப்பதற்கும் அதுவே காரணம். அதற்கான விலையைக் கிளட்ச் மாற்றும்போது செலுத்த வேண்டும். புகைக்குழாயை இறக்கி, கியர் பெட்டியை இறக்கி, அந்த நீண்ட குழலைப் பின்னுக்குத் தள்ளினால்தான் கிளட்ச் கண்ணில் படும். தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு செய்பவர்களுக்கு இது ஒரு வார இறுதியில் முடிகிற வேலை அல்ல.

அந்தக் கிளட்ச்தான் எங்கள் வாதத்துக்கு நல்ல சான்று. தொழிற்சாலையில் பொருத்திய தட்டின் நடுவில் அதிர்வைத் தாங்க ஒரு ரப்பர்ப் பகுதி இருந்தது. ஓசையின்றி மென்மையாக ஓட அது உதவியது. ஆனால் காலப்போக்கில் ரப்பர் பிய்ந்து, தட்டின் மையம் தனியே சுழலத் தொடங்கிவிடும். அதன்பின் எஞ்சின் ஓடும், வண்டி நகராது. ரப்பருக்குப் பதில் சுருள்வில் வைத்த தட்டுகள் நெடுநாளாகக் கிடைக்கின்றன. நாங்கள் வில் தட்டைப் பொருத்தினோம். இது அசல் இல்லைதான். ஆனால் ஓட்டுபவருக்கு வண்டியின் குணத்தில் மாற்றம் தெரிவதில்லை, நிறுத்தத்தில் இருக்கும்போது கியர் பெட்டியிலிருந்து சற்றே கலகலப்பு கேட்பதைத் தவிர. இதை எங்கள் அகராதியில் மேம்பாடு என்கிறோம். தயாரித்தவரின் நோக்கத்தை அவரைவிட உறுதியான பொருளால் நிறைவேற்றுவது.

இதைப் போல இன்னும் சில. எஞ்சினின் மின்னணுக் கட்டுப்பாட்டுக்கும் பெட்ரோல் பம்புக்கும் மின்சாரம் கொடுக்கும் டி.எம்.இ. ரிலே ஒன்று இருக்கிறது, தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது. உள்ளே ஈயப் பற்று விண்டுபோனால் நெடுஞ்சாலையில் எந்த முன்னறிவிப்பும் இன்றி எஞ்சின் அணைந்துவிடும். 944 வைத்திருப்பவர் பலர் டேஷ்போர்டுப் பெட்டிக்குள் மாற்று ரிலே ஒன்று வைத்திருப்பார்கள். இதில் அசலைப் போற்றுவதற்கு என்ன இருக்கிறது? பிரேக்குகள் அப்படி அல்ல. டர்போவுக்குக் கொடுக்கப்பட்ட நான்கு பிஸ்டன் அலுமினியக் காலிப்பர்கள் இன்றைக்கும் போதும். பெரிதாக்கத் தேவையே இல்லை. ஆனால் பிரேக் பேடுகள் நகரும் தகடுகளின் அடியில் அலுமினியம் பூத்துப்போய், தகடு மேலெழும்பி, பேடுகள் சிக்கிக்கொள்ளும். புதிய பெரிய பிரேக் வாங்கும் பணத்தில் பத்தில் ஒரு பங்கு செலவழித்து இந்தப் பூப்பைச் சுரண்டிச் சரிசெய்தால், வண்டி 1986-இல் நின்றதைப் போல நிற்கும். டயர்களின் பக்கச்சுவரில் இருக்கும் நான்கு இலக்கத் தேதி எண்ணை மட்டும் யாரும் படிப்பதில்லை. முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பள்ளம் நிறைய இருக்கிறதே என்று பதினைந்து ஆண்டுப் பழைய டயரில் வேகச் சாலையில் இறங்குபவர்களைப் பார்த்திருக்கிறோம். பார்த்துவிட்டு இடைவெளி விட்டு ஓட்டியிருக்கிறோம்.

இந்த இடத்தில் ஜெர்மானியச் சட்டத்தைப் பாராட்ட வேண்டியிருக்கிறது. சட்டங்களைப் பாராட்டும் வழக்கம் எங்களுக்குக் குறைவு. முப்பது ஆண்டு கடந்த கார், பெரும்பாலும் அசல் நிலையில், நன்கு பேணப்பட்டு, தொழில்நுட்பப் பண்பாட்டுச் செல்வமாகக் கருதத்தக்கதாக இருந்தால், அதற்கு ஹெச் என்ற எழுத்துடன் முடியும் எண்பலகை கிடைக்கும். ஆண்டு வரி எஞ்சின் எத்தனை பெரியதாக இருந்தாலும் 191 யூரோ 73 சென்ட். நகரங்களின் தூய்மைக் காற்று மண்டலங்களுக்குள்ளும் நுழையலாம். 2017 அக்டோபர் முதல் ஹெச் எழுத்தையும் பருவகால மாதங்களையும் ஒரே பலகையில் பெற முடிகிறது. எங்களைக் கவர்ந்தது வரிச் சலுகை மட்டும் இல்லை. மாற்றங்கள் பற்றிய விதி அதைவிடச் சுவையானது. வண்டி முதன்முதலாகப் பதிவான பத்து ஆண்டுகளுக்குள் செய்யப்பட்ட, அல்லது அக்காலத்தில் செய்யப்பட்டிருக்கக்கூடிய மாற்றங்களை ஆய்வாளர் ஏற்றுக்கொள்ளலாம். அதாவது, ஒரு கார் தன் இளமையில் எவ்வாறெல்லாம் இருந்திருக்க முடியுமோ அவ்வாறு இருக்கலாம். யாரோ ஓர் அரசு அலுவலர் கோப்பு நடையில் எழுதிய இந்த வரிக்குப் பின்னால் வரலாற்றைப் பற்றிய நல்ல புரிதல் இருக்கிறது. ஏனெனில் தயாரித்தவரே இந்தக் காரை நிறுத்திவைக்கவில்லை. 1988-இல் 250 குதிரைத்திறனும் பெரிய பிரேக்குகளும் கொண்ட டர்போ எஸ் வந்தது. 1989 மாதிரியிலிருந்து எல்லா டர்போக்களும் 250 ஆயின. 1991-இல் 944-இன் உற்பத்தியே முடிந்து 968 வந்தது. அசல் கட்சியினர் எந்த ஆண்டின் எந்த அசலைப் பற்றிப் பேசுகிறார்கள்?

இப்போது வலிமைக் கட்சி. எங்கள் மூவரில் ஒருவரே அதன் உறுப்பினர் என்பதால் இந்தப் பகுதியைக் கவனமாக எழுத வேண்டியிருக்கிறது. இந்தக் குளிர்காலத்துக்கென்று சேர்த்துவைத்த தொகை முழுவதையும் பெரிய டர்போ ஒன்றுக்கும், பெரிய பெட்ரோல் ஊசிகளுக்கும், புதிய கட்டுப்பாட்டுச் சில்லுக்கும் செலவிட்டால் முந்நூறு குதிரைத்திறனுக்கு மேல் கிடைக்கும் என்பது அவருடைய முன்மொழிவு. கணக்கு தவறில்லை. இத்தனைக்கும் இந்த எஞ்சின் அந்த வலிமையைத் தாங்கும் அளவுக்கு உறுதியானது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். 1986-இல் தொடங்கிய 944 டர்போ கோப்பைப் பந்தயங்கள் அதற்குச் சாட்சி.

ஆயினும் நாங்கள் எதிர்த்து வாக்களித்தோம். காற்றழுத்தத்தைக் கூட்டினால் முதலில் சோதனைக்கு உள்ளாவது சிலிண்டர் ஹெட் கேஸ்கட். அதை உறுதியானதாக மாற்ற வேண்டும், அதற்கு எஞ்சினின் தலையைக் கழற்ற வேண்டும், பிறகு கிளட்ச் வழுக்கும், பிறகு வெப்பம். சாமியாரின் மாடு மறுபடியும் கொட்டகைக்குள் வந்துவிடும். ஆனால் எங்கள் மறுப்புக்கு இது துணைக் காரணம்தான்.

முதன்மைக் காரணம் இந்த வண்டி ஓடும் விதம். நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்றுகளுக்குக் கீழே இது ஒரு சாதுவான, சற்றே சோம்பலான கார். ஊருக்குள் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். மிதியை அழுத்தியவுடன் ஒன்றும் நடவாது. டர்போவின் சக்கரம் புகைவாயுவில் வேகமெடுக்கும் அந்தச் சிறிய இடைவேளையில் ஓட்டுநர் காத்திருக்கிறார். 3,500 சுற்றில் முறுக்குவிசை முழுதாக வந்துசேரும்போது, இதுவரை பேசாதிருந்த ஒருவர் பேசத் தொடங்குவதைப் போலிருக்கும். வளைவை விட்டு வெளியேறும் இடத்தில் அது வந்துசேரும்படி, வளைவின் நடுவிலேயே மிதியை அழுத்தப் பழகிக்கொள்ள வேண்டும். இந்தக் காத்திருப்பை அக்காலத்து ஆய்வாளர்கள் குறை என்றுதான் எழுதினார்கள். பொறியாளர்களும் குறைக்கவே முயன்றார்கள். எனினும் அது வண்டியின் பேச்சுநடை ஆகிவிட்டது. பெரிய டர்போ அந்தக் காத்திருப்பை இன்னும் நீட்டி, முடிவில் அடியாக மாற்றும். நவீன டர்போ அதை அறவே இல்லாமலாக்கும். இரண்டுமே மூல ஆசிரியரின் சொல்லைத் திருத்துவது. முந்நூறு குதிரைத்திறன் வேண்டுமென்றால் இன்று எந்தச் சாதாரணக் காட்சிக்கூடத்திலும் தவணைமுறையில் கிடைக்கிறது, வெப்பமூட்டிய இருக்கையுடன். 1986-இன் அந்த மூவாயிரத்து ஐந்நூறாவது சுற்று வேறெங்கும் விற்பனைக்கு இல்லை.

வலிமைக் கட்சியின் இன்னொரு பழக்கத்தைப் பற்றிச் சொல்லும்போது எங்கள் தொனி கடுமையாகிவிடுகிறது. வண்டியைத் தாழ்த்துவது. தாழ்ந்த கார் அழகாகத் தெரிகிறது என்பதில் எங்களுக்கும் ஐயமில்லை. ஆனால் டர்போவின் முன்சக்கரங்களைத் தாங்கும் அலுமினியக் கைகளின் முனையில் இருக்கும் பந்து மூட்டு, தொழிற்சாலை வைத்த உயரத்துக்கென்றே அளந்து செய்யப்பட்டது. மிகையாகத் தாழ்த்தினால் மூட்டின் தண்டு தன் அசைவின் எல்லையில் முட்டிக்கொண்டே இருக்கும், ஒருநாள் முறியும். மணிக்கு இருநூறு கிலோமீட்டர் போகக்கூடிய காரில் முன்சக்கரம் ஒன்று தன் விருப்பப்படி திரும்புவதைக் கற்பனை செய்து பாருங்கள். எங்கள் பகுதியில் அப்படித் தாழ்த்தி விற்கப்பட்ட ஒரு 944-ஐ வாங்கிய இளைஞர், நல்லவேளையாக வண்டி நிறுத்துமிடத்தில் திரும்பும்போது அதைக் கண்டுகொண்டார். விற்றவர் அழகுக்காக மட்டுமே செய்தாராம். காரின் பின்புறத்தைத் தாழ்த்த முறுக்குத் தண்டுகளைக் கழற்றிப் பல் மாற்றிக் கோக்க வேண்டும், பெரும் உழைப்பு. அத்தனை உழைத்தவர், முன்பக்க மூட்டைப் பற்றி ஒரு மணிநேரம் படித்திருக்கலாம்.

அசல் கட்சியினர் இதையெல்லாம் படித்து மகிழ வேண்டாம். அவர்கள்மீது எங்களுக்குள்ள வருத்தம் வேறு வகையானது. விலை மிகவும் தாழ்ந்து கிடந்த காலத்தில் 944-கள் பந்தயத்துக்காக உரிக்கப்பட்டும் பாகங்களுக்காகப் பிரிக்கப்பட்டும் மறைந்தன. அப்போது இவர்களுக்கு இந்தக் கார் சரக்கு வேனின் உறவுக்காரன். இன்று விலை ஏறியதும் முத்திரைகளையும் வண்ண எண்களையும் தேடிக்கொண்டு வருகிறார்கள். வாங்கிய காரை ஈரப்பதம் அளந்த கூடத்தில் வைத்து, ஆண்டுக்கு ஐம்பது கிலோமீட்டர் ஓட்டி, குறைந்த தூரம் ஓடியது என்று மறுபடியும் விற்கிறார்கள். ஓடாத காரில் அடைப்பு வளையங்கள் உலரும், பெட்ரோல் பிசினாகும், பிரேக் திரவம் காற்றின் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். கூடத்து விளக்கில் ஒளிரும் அந்தக் காரை அப்படியே சாலையில் விரட்டுவதற்கு நாங்கள் அஞ்சுவோம். ஆண்டுக்கு மூவாயிரம் கிலோமீட்டராவது ஓட்டப்படும் 944-ஐத்தான் நல்ல நிலையில் இருப்பதாகக் கருதுகிறோம், கதவில் ஒரு கீறல் இருந்தாலும்.

தயாரித்தவர்களே இந்த அசல் வழிபாட்டில் அவ்வளவு உறுதியாக இல்லை என்பதையும் குறிப்பிட்டாக வேண்டும். போர்ஷேயின் பழைய கார்ப் பிரிவு 2018-இல், கிடைக்காமல் போன பாகங்களை முப்பரிமாண அச்சில் செய்யத் தொடங்கியிருப்பதாக அறிவித்தது. 959-இன் கிளட்சை விடுவிக்கும் நெம்புகோலை உதாரணமாகக் காட்டினார்கள். 2020-இல் பழைய வானொலி இருந்த இடத்தில் அப்படியே பொருந்தும், வழிகாட்டி வரைபடம் கொண்ட கருவியொன்றை வெளியிட்டார்கள். அதைப் பொருத்த ஒரு கம்பியையும் வெட்டத் தேவையில்லை. வேண்டாமென்றால் கழற்றிவிட்டுப் பழைய வானொலியை வைத்துக்கொள்ளலாம். நாங்கள் அதை வாங்கப் போவதில்லை, எங்களுக்கு வழி தெரியும். ஆனால் அந்த நெறி சரியானது. சேர்ப்பது எதுவானாலும் திரும்ப எடுக்கத்தக்கதாக இருக்க வேண்டும். துளையிடாதே, வெட்டாதே, பற்றவைக்காதே. கழற்றிய பாகம் உடைந்திருந்தாலும் தேதி எழுதிப் பெட்டியில் வை. எங்கள் கொட்டகையின் அலமாரியில் அந்த அப்பளக் குழாய்கூட, முத்திரை தெரியும்படி, ஓர் உறையில் இருக்கிறது. கூடவே ஒரு நோட்டுப் புத்தகம்: என்றைக்கு, எத்தனையாவது கிலோமீட்டரில், எது, எதனால், எவ்வளவு இறுக்கத்தில். எங்களுக்குப் பின் இந்தக் காரை வாங்குபவர் எங்கள் தீர்ப்புகளோடு உடன்படாமற் போகலாம். அவற்றை அவர் கண்டுபிடித்து நீக்க முடிய வேண்டும். எங்களுக்கு முன்னிருந்தவர் அப்படி ஒரு பக்கமும் எழுதி வைக்கவில்லை. ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றித்தான் அவர் என்ன செய்தார் என்று படிக்க வேண்டியிருந்தது.

ஆகவே இந்தக் குளிர்காலத்தின் பணம், இரண்டுக்கு ஒன்று என்ற வாக்கில், பெட்ரோல் குழாய்களுக்கும் பெல்ட்டுகளுக்கும் வலப்பக்க எஞ்சின் தாங்கிக்கும் போகிறது. புகைவழியின் வெப்பத்தில் அந்தத் தாங்கி அமுங்கி, எஞ்சின் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. தோற்றவர் பெருந்தன்மையோடு வேலைக்கு வந்துவிட்டார். முன்மொழிவை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைத்திருப்பதாகத்தான் அவர் சொல்கிறாரே தவிர, திரும்பப் பெறவில்லை.

டேஷ்போர்டு பற்றிய வழக்கு மட்டும் இன்னும் தீரவில்லை. வெயிலில் இந்த வண்டிகளின் டேஷ்போர்டு வெடிக்கும். எங்களுடையதில் மூன்று வெடிப்புகள், நீளமானது ஒரு சாண் இருக்கும். மேலே ஒட்டும் உறை கிடைக்கிறது. அது பொய் என்று ஒருவர். முழுவதும் புதிதாகத் தோல் போர்த்தித் தருபவர்கள் இருக்கிறார்கள். அதற்கு ஆகும் செலவில் இன்னொரு குளிர்காலத்தையே நடத்தலாம் என்று இன்னொருவர். வெடிப்பு எந்தத் தீங்கும் செய்யவில்லையே, நாற்பது கோடைகள் உள்ளே வந்துபோன அடையாளந்தானே, அப்படியே விடலாம் என்பது மூன்றாமவரின் கட்சி. கைப்பிழையா ஆசிரியர் சொல்லா என்ற அளவுகோலை இதில் வைத்துப் பார்த்தோம்; இரண்டிலும் சேராமல் வெயிலின் கையெழுத்தாக நிற்கிறது. ஆய்வாளரிடம் ஏப்ரல் இரண்டாம் வாரத்துக்கு நேரம் வாங்கியிருக்கிறோம். அதற்குள் இதற்கொரு வாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும்.